வெளியே உட்காருகிறவரிடம் முதலில் பேசுங்கள்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 36. ஒரு கால்பந்து கிளப்பில் ஆறு வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். சீசன் நடுவே தலைமைப் பயிற்சியாளர் விலகியதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. இதுவரை 9 ஆட்டங்கள். 2 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி.

எங்கள் கேப்டன் 34 வயது மிட்ஃபீல்டர். ஒரு காலத்தில் நானும் அவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். இன்றைக்கும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பந்து எதிரணிக்குப் போனதும் அவரால் முன்புபோலத் திரும்பி ஓட முடியவில்லை. அவர் விட்டுவந்த இடத்தில்தான் மூன்று கோல் வாங்கியிருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்பு அவரை முதல் பதினொன்றில் சேர்க்கவில்லை. வழக்கம்போல வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் போட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. ஏழெட்டுப் பேர் அவர் பக்கம் இருக்கிறார்கள். பழைய பயிற்சியாளர் சத்தம் போடுகிறவர், அவருக்கு எல்லோரும் பயந்தார்கள். எனக்கு அது வராது. கேப்டன் பதவியை வேறொருவருக்கு மாற்றச் சொல்லி நிர்வாகம் நெருக்குகிறது. அணியில் மொத்தம் 26 பேர். பிரச்சினை இந்த ஒரு கூட்டம்தான். மூன்றாவது கோல்கீப்பர் மாதிரி ஆட்களால் எந்தத் தொந்தரவும் இல்லை. இனிக் கண்டிப்பாக இருப்பதா, அனுசரித்துப் போவதா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று இரவு ஒரு தடவையும் இன்று காலை ஒரு தடவையும் படித்தேன். கேப்டனைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அந்த வாட்ஸ்அப் பட்டியலுக்கு ஒரே ஒரு வாக்கியம், அதிலும் "வழக்கம்போல" என்று ஒரு சொல். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

நிர்வாகத்தின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேப்டன் பதவியில் இப்போது கை வைக்க வேண்டாம். அவரை வெளியே உட்கார வைத்தது சரியான முடிவாகத்தான் தெரிகிறது. ஒரே இடத்தில் மூன்று கோல் வாங்கிய பிறகும் பழைய நட்புக்காக விட்டுவைத்திருந்தால், மற்ற 25 பேர் உங்களை மன்னித்திருக்க மாட்டார்கள். தப்பு நடந்தது முடிவில் இல்லை, அது அவருக்குப் போய்ச் சேர்ந்த விதத்தில். பல வருடம் உங்களோடு ஆடியவர் தன் பெயர் இல்லை என்பதைக் கைப்பேசியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்த அதே நொடியில் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு சின்னக் கணக்கு. அணியில் 26 பேர், ஆட்டத்தைத் தொடங்குவது 11 பேர். ஆக ஒவ்வொரு வாரமும் 15 பேருக்கு "இல்லை" என்று சொல்கிறீர்கள். 5 மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதி 2020இல் தற்காலிகமாக வந்து 2022இல் நிலையானது. அந்த ஐந்து பேரையும் கழித்தாலும் 10 பேர் புல்லை மிதிக்காமலே வீட்டுக்குப் போகிறார்கள். தலைமைப் பயிற்சியாளர் என்றால் வியூகம் வகுப்பவர், டச்லைனில் நின்று கையை வீசுகிறவர் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பொறுப்பு கைக்கு வந்த பிறகுதான் தெரியும், வாரா வாரம் இந்தப் பதினைந்து பேரை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் வேலையில் பெரிய பங்கு என்று. நீங்கள் ஆறு வருடம் உதவிப் பயிற்சியாளர். வருத்தப்படுகிறவன் தோளில் கை போட்டு ஆறுதல் சொல்லும் இடத்தில் இருந்தீர்கள். இப்போது அந்த வருத்தத்தைக் கொடுக்கிறவரே நீங்கள்தான். இந்த இடமாற்றத்துக்கு யாரும் உங்களைத் தயார் செய்யவில்லை. பயிற்சியாளர் உரிமத்துக்கான வகுப்புகளில்கூட இதற்கு ஒரு மதியம் ஒதுக்கினால் அதிகம்.

நானும் இதே தப்பைச் செய்தவன். தலைமைப் பயிற்சியாளராக எனக்கு அது முதல் வருடம். வாட்ஸ்அப் எல்லாம் வராத காலம். ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பெயர்களை வாசித்தேன். கோல்கீப்பர் இடத்தில் ஓர் இளம் பையனின் பெயர். மூன்று வருடமாக அந்த இடத்தில் ஆடிய சீனியர் மூலையில் உட்கார்ந்து விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கை முடிந்து, வலது கையில் மூன்றாவது விரலுக்கு வந்திருந்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் கை நின்றது. யாரையும் பார்க்கவில்லை. டேப்பின் முனையைப் பல்லில் கடித்து இழுத்து, ஒவ்வொரு விரலாக அவிழ்க்க ஆரம்பித்தார். நான் கார்னர் கிக்கில் யார் யாரை மார்க் செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். அறையில் கேட்டதெல்லாம் டேப் பிரிகிற சத்தம்தான். அவிழ்த்ததை உருண்டையாக உருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். குப்பைத்தொட்டி அவர் காலடியிலேயே இருந்தது.

அன்றைக்கு ஜெயித்தோம். அந்தப் பையனும் நன்றாகவே ஆடினான். ஆனால் சீசன் முடியும்வரை அந்த அறையில் என் பேச்சுக்கு எடை வரவில்லை. அந்த சீனியர் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்பது மற்றவர்களுக்குத் தானாகவே புரிந்துபோனது. முந்தின நாள் சாயங்காலமே அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தாளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எனக்குத் தாள் எப்படியோ, உங்களுக்கு வாட்ஸ்அப் அப்படி.

நேரில் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களை நம்ப வைக்க மாட்டேன். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பயிற்சியாளராக வந்து மூன்றரை வருடம் ஒரு கோப்பையும் ஜெயிக்கவில்லை. 1990இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் கிறிஸ்டல் பேலஸோடு 3-3 என்று முடிந்து, மறு ஆட்டம் வந்தது. அந்த மறு ஆட்டத்துக்கு அவர் கோல்கீப்பர் ஜிம் லெய்டனை எடுத்துவிட்டு லெஸ் சீலியைப் போட்டார். லெய்டன் யாரோ ஒருவர் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஃபெர்குசனின் அணியில் ஆடி, 1983இல் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையை வென்றவர்களில் ஒருவர். ஃபெர்குசனே பிறகு மான்செஸ்டருக்கு அழைத்து வந்தவர். மறு ஆட்டத்தை யுனைடெட் 1-0 என்று ஜெயித்தது. அங்கே ஃபெர்குசனின் முதல் கோப்பை அதுதான். ஆனால் லெய்டனோடு இருந்த உறவு அன்றோடு போனது, திரும்பச் சேரவே இல்லை. சரியான முடிவுக்கும் இப்படி ஒரு விலை இருக்கும். அந்த விலையைக் கொடுக்க நேர்ந்தாலும், நம் அவசரத்தாலோ கோழைத்தனத்தாலோ அது இரட்டிப்பாகாமல் பார்த்துக்கொள்ளலாம். நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

இனி, உங்கள் நிலைமையில் இருந்த இன்னொருவர். லியோனல் ஸ்கலோனி. 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் உதவிப் பயிற்சியாளர் குழுவில் இருந்தவர். தலைமைப் பயிற்சியாளர் போனதும் தற்காலிகமாக உட்கார வைக்கப்பட்டார். அதற்கு முன்பு ஒரு பெரிய அணியைத் தலைமை ஏற்று நடத்திய அனுபவம் கிடையாது. 2022 உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றார்கள். அதுவரை 36 ஆட்டம் தோற்காமல் வந்த அணி அது. அடுத்த ஆட்டத்துக்கு ஸ்கலோனி ஐந்து பேரை மாற்றினார். மிட்ஃபீல்டில் அனுபவசாலி பரெடெஸ் வெளியே போனார். அதற்கடுத்த ஆட்டத்தில் முன்னணி ஃபார்வர்டு லவுட்டாரோ மார்ட்டினெஸ் இடத்துக்கு இளைஞர் ஹூலியன் ஆல்வரெஸ் வந்தார். பரெடெஸின் பழைய இடத்தில் 21 வயது என்சோ ஃபெர்னாண்டெஸ்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் வகுப்பில் சொல்வது இதற்குப் பிறகு நடந்ததை. காலிறுதியில் நெதர்லாந்தோடு ஆட்டம் டிரா, வெற்றியை முடிவு செய்ய மாறி மாறி அடிக்கும் பெனால்டி ஷூட்அவுட். கடைசிக் கிக்கை அடித்து அணியைக் கரைசேர்த்தவர், இடம் இழந்த அதே லவுட்டாரோ. இறுதி ஆட்டத்தில் பிரான்ஸோடு மறுபடி ஷூட்அவுட். அர்ஜென்டினாவுக்கு நான்கு பேர் அடித்தார்கள்: மெஸ்ஸி, டிபாலா, பரெடெஸ், மோன்டியல். நான்கும் கோல். இந்த நால்வரில் மெஸ்ஸியைத் தவிர மற்ற மூவரும் அன்று பெஞ்சிலிருந்து வந்தவர்கள். பரெடெஸ், முதல் ஆட்டத்துக்குப் பிறகு வெளியே வைக்கப்பட்டவர். நாட்டின் 36 வருடக் காத்திருப்பு காலடியில் இருக்கும்போது, மனம் கசந்துபோன ஒருவரால் அந்தப் பந்தின் முன்னால் நிற்க முடியுமா? ஸ்கலோனி அவர்களிடம் என்ன பேசினார் என்பதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. வெளியே இருந்த நாட்களிலும் அவர்கள் தங்களை அணியின் ஆட்களாகவே நினைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த மூன்று கிக்கே எனக்குப் போதும்.

சரி, எப்படிச் சொல்வது? நான் இத்தனை வருடத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சொல்லுங்கள். ஆட்ட நாளன்று சொன்னால் அவருக்கு அதைச் செரிக்க நேரம் இருக்காது, அந்தக் கசப்பு அறை முழுக்கப் பரவும். அலுவலக அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவர் என்று வேண்டாம். பயிற்சி முடிந்து கோன்களைப் பொறுக்கும் நேரம் நல்ல நேரம், மைதானத்தின் ஓரமாக இரண்டு பேரும் நடந்துகொண்டே பேசலாம். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்காது, கால்பந்துக்காரனுக்கு நடக்கும்போது பேச்சு வரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். "நீ எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் என்று உனக்கே தெரியும்..." என்று ஆரம்பித்தால், எட்டாவது வயதிலிருந்து பந்தை உதைப்பவருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். நீங்கள் புகழ்ந்து முடிக்கும்வரை அவர் எதையும் கேட்க மாட்டார், அடி எப்போது விழும் என்று காத்திருப்பார். இரண்டாவது, காரணம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது கண்ணால் பார்க்கக்கூடிய காரணமாக இருக்கட்டும். "ஈடுபாடு குறைந்துவிட்டது" என்பதெல்லாம் காரணம் இல்லை, அது குற்றச்சாட்டு. வீடியோ இருந்தால் இரண்டு துண்டு காட்டுங்கள். பன்னிரண்டு துண்டு காட்டினால் அது விசாரணைக் கமிஷன் ஆகிவிடும். மூன்றாவது, அடுத்து அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது. அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். அவர் கோபப்படுவார், மாற்றாக வந்தவனைக் குறைத்துப் பேசுவார், பழைய ஆட்டங்களை எடுப்பார். கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்வாதம் வேண்டாம்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. "உனக்கு ஓய்வு கொடுக்கிறேன்" என்ற பொய் ஒன்று. ஓய்வு தேவைப்படுகிறவனுக்கும் இடம் இழந்தவனுக்கும் வித்தியாசம் தெரியாத வீரன் உலகத்திலேயே கிடையாது. "நிர்வாகம் சொல்லிவிட்டது" என்பது இன்னொன்று. அதைச் சொன்ன நிமிடமே நீங்கள் தலைமைப் பயிற்சியாளர் இல்லை, தபால்காரர். மூன்றாவது, "அடுத்த வாரம் பார்க்கலாம்." அடுத்த வாரம் வரும், அவர் பார்ப்பார், நீங்கள் மறந்திருப்பீர்கள்.

உங்கள் கேப்டன் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். உங்களுக்குள் "நீ, நான்" என்றுதான் பேச்சு இருக்கும், அதை மாற்ற வேண்டாம். திடீரென்று "நீங்கள்" என்று ஆரம்பித்தால் அதுவே பெரிய அவமானம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சனிக்கிழமை முதல் பதினொன்றில் நீ இல்லை. பந்து போனதும் உனக்குப் பின்னால் பதினைந்து மீட்டர் திறந்துகிடக்கிறது, அதில் மூன்று கோல் வாங்கிவிட்டோம். கடைசி அரைமணி நேரத்துக்கு, நாம் பந்தை வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்துக்கு, நீ எனக்கு வேண்டும். போன தடவை இதை உன்னிடம் நேரில் சொல்லாமல் குரூப்பில் போட்டது என் தப்பு. அதற்கு மன்னிச்சுக்கோ." கவனியுங்கள், மன்னிப்பு கேட்டது சொன்ன விதத்துக்கு, எடுத்த முடிவுக்கு இல்லை. இரண்டையும் கலந்தால் அவரும் குழம்புவார், நீங்களும் குழம்புவீர்கள்.

மன்னிப்பு கேட்டால் மதிப்புப் போய்விடுமோ என்று உங்களுக்குத் தோன்றும். ஃபெர்குசன் 2001இல் டிஃபெண்டர் யாப் ஸ்டாமை விற்றார். அது தப்பான முடிவு என்று பிற்பாடு அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிரீமியர் லீக்கை 13 தடவை ஜெயித்தவருக்கு அதனால் எந்த மதிப்பும் குறையவில்லை.

கண்டிப்பா, அனுசரணையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்தப் பிரிவினையே ஒத்துவரவில்லை. பழைய பயிற்சியாளருக்குப் பயந்தார்கள் என்கிறீர்கள். பயந்தவர்கள் அவருக்காக ஓடினார்களா, அவர் கண்ணில் படும்போது மட்டும் ஓடினார்களா என்று ஆறு வருடம் பக்கத்தில் இருந்த உங்களுக்குத்தான் தெரியும். வீரர்கள் "கண்டிப்பானவர்" என்று மரியாதையோடு சொல்வது பெரும்பாலும் குரலைப் பற்றி இருக்காது. பயிற்சிக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்த 18 வயதுப் பையனுக்கு என்ன தண்டனையோ, அதேதான் கேப்டனுக்கும் என்று இருந்தால், அவர் மெதுவாகப் பேசினாலும் கண்டிப்பானவர்தான். உங்களுக்குச் சத்தம் வராது என்றால் போடவே போடாதீர்கள். கடன் வாங்கிய கோபத்தை அந்த அறை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

இடைவேளைப் பேச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சத்தம் பற்றிய பேச்சு அங்கேதான் போய் முடியும். விதிப்படி இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. உள்ளே நடந்து வர, திரும்பிப் போக, தண்ணீர், கட்டு, கழிவறை எல்லாம் போக உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். இடைவேளையில் லிவர்பூல் மிலானிடம் 3-0 பின்தங்கியிருந்தது. அன்றைக்கு லிவர்பூல் பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸ் சத்தம் போட்டு எழுப்பிவிட்டார் என்று பலர் கற்பனை செய்கிறார்கள். நடந்தது ஒரு திருத்தம், நடுவில் கொஞ்சம் குழப்பம். பின்வரிசையில் மூன்று பேர், மிட்ஃபீல்டில் ஹாமன் என்று மாற்ற முடிவு செய்து, டிஃபெண்டர் ஜிமி ட்ராவோரேயை நீ வெளியே என்று சொல்லிவிட்டார். அவர் குளிக்கப் போனார். அதற்குள் இன்னொரு டிஃபெண்டர் ஸ்டீவ் ஃபின்னனால் காயத்தோடு தொடர முடியாது என்று பிஸியோ வந்து சொல்ல, ட்ராவோரேயைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆட்டம் தொடங்கி 54ஆவது நிமிடத்திலிருந்து 60ஆவது நிமிடத்துக்குள் மூன்று கோல், 3-3. எழுபதாவது நிமிட வாக்கில் ஷெவ்செங்கோ அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டப்போன நேரத்தில் தட்டி வெளியே தள்ளியவர் ட்ராவோரே. பெனால்டியில் லிவர்பூல் கோப்பையை எடுத்தது.

நீ வேண்டாம் என்று சொல்லப்பட்டவர் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து அந்தப் பந்தைத் தடுத்தார். உங்கள் 26 பேரில் யாரிடம் என்றைக்கு எது கேட்க வேண்டியிருக்கும் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது, தம்பி.

இதற்கு எதிர்க்கட்சி வாதமும் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்தும் கோஸ்டாரிகாவும் 0-0. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்தின் பயிற்சியாளர் லூயி வான் கால் கோல்கீப்பர் சிலெஸனை எடுத்துவிட்டு டிம் க்ரூலை இறக்கினார். க்ரூல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார், நெதர்லாந்து 4-3 என்று ஜெயித்தது. க்ரூலுக்கு இந்தத் திட்டம் முன்பே தெரியும். சிலெஸனுக்குச் சொல்லவில்லை, ஆட்டத்துக்கான அவருடைய மனத்தயாரிப்பு கெடக் கூடாது என்று வான் கால் காரணம் சொன்னார். சிலெஸன் கோபத்தோடுதான் வெளியே வந்தார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால்? பல வருடம் யோசித்திருக்கிறேன். அது ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு தந்திரம். அந்த அளவில் வான் கால் செய்தது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அரையிறுதியில் அன்றைய விதி தந்த மூன்று மாற்று வாய்ப்பும் தீர்ந்துபோய், அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்டியில் அதே சிலெஸன்தான் நிற்க வேண்டியிருந்தது. 4-2 தோல்வி. முந்தின ஆட்டத்தின் காயம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரை ஒதுக்கிய மறு வாரமே அவரிடமே போய் நிற்க வேண்டி வரலாம் என்பதற்காகச் சொன்னேன். நீங்கள் நடத்துவது நீண்ட லீக் சீசன். ரகசியங்களுக்கு அங்கே இடம் குறைவு.

இனி கேப்டன் பதவி. விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள், கேப்டனுக்கு எந்தத் தனி அந்தஸ்தும் சலுகையும் இல்லை என்றுதான் இருக்கிறது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த அறை கொடுப்பது. அறை கொடுத்ததை நிர்வாகம் ஒரு கடிதத்தில் பறித்தால், கேப்டன் கையில் கட்டும் பட்டை மட்டும்தான் கைமாறும். அவர் ஆடாத நாளில் களத்தில் வேறொருவர் பட்டை கட்டட்டும், அது விதிக்காகவே வேண்டும். ஆனால் அணியின் கேப்டன் அவரே என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். ஓர் இளம் மிட்ஃபீல்டரை அவரிடம் ஒப்படையுங்கள். அவருடைய இடத்துக்கு வரப்போகிறவனையே ஒப்படைத்தால் இன்னும் நல்லது. முதலில் முகம் சுளிப்பார், பரவாயில்லை. இதெல்லாம் செய்த பிறகும் ஏழெட்டுப் பேரை உங்களுக்கு எதிராகத் தூண்டிக்கொண்டிருந்தால், அப்போது பட்டையை எடுங்கள். அதையும் நேரில், காரணத்தோடு.

கேப்டனோடு பயிற்சியாளர் குழுவுக்கு ஏற்பட்ட விரிசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2010 உலகக் கோப்பையில் பிரான்ஸ் போதும். மெக்சிகோவோடு ஆடும்போது இடைவேளையில் பிரான்ஸ் வீரர் அனெல்கா பயிற்சியாளர் டொமெனெக்கைத் திட்டினார். அறைக்குள் நடந்தது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. அனெல்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் பயிற்சி மைதானத்தில் கேப்டன் எவ்ராவுக்கும் உடற்பயிற்சியாளருக்கும் எல்லோரும் பார்க்க வாக்குவாதம். வீரர்கள் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், பயிற்சி செய்யவில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்த கண்டன அறிக்கையைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று வாசித்தவர் யார் தெரியுமா? டொமெனெக். தன் முடிவை எதிர்க்கும் தாளைத் தன் வாயாலேயே வாசித்தார். மூன்று ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியோடு, பிரிவில் கடைசி இடம்.

பழைய பயிற்சியாளரைப் பற்றி ஒன்று மட்டும். அவரைக் குறைத்து ஒரு சொல் பேசாதீர்கள், சத்தம் போட்டவர் என்றுகூட வீரர்களிடம் சொல்ல வேண்டாம். பிரையன் க்ளஃப் 1974இல் இங்கிலாந்தின் லீட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போனதும், அதுவரை அவர்கள் ஜெயித்த பதக்கங்களைக் குப்பையில் போடச் சொன்னார் என்று அந்த வீரர்கள் சொல்வார்கள். 44 நாளில் வேலை போனது. அதே க்ளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை ஜெயிக்க வைத்தார். லீட்ஸில் பக்கத்தில் இல்லாத பீட்டர் டெய்லர் ஃபாரஸ்ட்டில் உதவியாளராக இருந்தார். உங்களிடம் இப்போது உதவிப் பயிற்சியாளர் யார்? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. அந்த நாற்காலி காலியாக இருந்தால் உடனே நிரப்புங்கள். நீங்கள் ஆறு வருடம் செய்த வேலை அது, இப்போது செய்ய ஆள் இல்லை. "நீங்கள் சொல்வது தப்பு" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவராகப் பாருங்கள்.

நிர்வாகத்திடம் ஆறு வார அவகாசம் கேளுங்கள், அந்த ஆறு வாரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் தோல்வி வந்த அன்றே மறந்துவிடுவார்கள்.

கேப்டனிடம் பேசுவதை அடுத்த பட்டியல் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம், நாளைப் பயிற்சி முடிந்ததும் பேசுங்கள். இனிமேல் இடம் இழக்கிற ஒவ்வொருவருக்கும், குரூப்பில் பட்டியல் வருவதற்கு முன்பே உங்கள் வாயால் தெரிந்திருக்கட்டும். பதினைந்து பேரிடமும் ஒவ்வொரு வாரமும் நீளமாகப் பேச முடியாது, தெரியும். புதிதாக வெளியே போகிறவர்களிடம் நின்று பேசுங்கள். ஏற்கனவே வெளியே இருப்பவர்களில் வாரத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று பேரில் முதல் ஆளை நான் சொல்கிறேன். கடிதத்தின் கடைசியில் "எந்தத் தொந்தரவும் இல்லை" என்று எழுதினீர்களே, அந்த மூன்றாவது கோல்கீப்பர். இந்த சீசனில் ஒரு நிமிடமாவது ஆடியிருக்கிறாரா? ஒவ்வொரு நாளும் மற்ற இரண்டு பேருக்கும் முன்னால் வந்து வலையைக் கட்டி, எல்லோரும் அடிக்கிற பந்தையெல்லாம் வாங்கி, சனிக்கிழமை மேலே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவராக இருப்பார். கடைசியாக அவரிடம் எப்போது ஐந்து நிமிடம் பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.